பறப்புக் கழகத்துக்குப் பதினாறு கையெழுத்து

எங்கள் மாதிரி விமானக் கழகத்தில் மொத்தம் பதினொரு பேர். பதினொரு பேரும் கல்யாணமானவர்கள். பதினொரு மனைவிமாரும் அதைப் பொம்மை என்றுதான் சொல்வார்கள். ஆறு வருடமாகத் திருத்திப் பார்த்தாகிவிட்டது. இறக்கை மட்டும் இரண்டு மீட்டர், உள்ளே மோட்டார் இருக்கிறது, கையில் ரிமோட் இருக்கிறது, நூறு மீட்டர் உயரம் போகும் என்று எல்லாம் சொன்னேன். "சரி, பெரிய பொம்மை," என்றாள் என் மனைவி.

நான் கழகத்தின் செயலாளர். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றுபோனால் என்னைத் தேடுவார்கள், ஓடிக்கொண்டிருக்கும் வரை நான் ஒருவன் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. செயலாளர் பதவியும் ஏறக்குறைய அதே மாதிரிதான். தலைவர் ஒரு பல் டாக்டர். நாம் பேசும்போது கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார்.

நாங்கள் பறக்கவிடுவது நகராட்சிக்குச் சொந்தமான காலி மைதானத்தில். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டி இருபத்துநாலு வீடுள்ள ஒரு தெரு. அங்கிருந்துதான் பிரச்சினை வந்தது என்று சொல்ல ஆசை. ஆனால் வந்தது நகராட்சியிலிருந்து. இடத்துக்கான அனுமதி முடிகிறதாம், புதுப்பிக்க வேண்டுமானால் அந்த இருபத்துநாலு வீட்டில் பதினாறு வீடு சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். கூடவே ஒரு படிவம். வீட்டு எண், தொந்தரவு உண்டா, உண்டென்றால் என்ன, அதற்குக் கழகம் என்ன செய்தது, கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருந்தது. செயலாளர் வீடு வீடாக நேரில் சென்று, வீட்டுக்காரர் முன்னிலையில், தன் கைப்பட எழுத வேண்டும் என்று அடியில் கோடு போட்டிருந்தார்கள். கெடு ஒரு மாதம்.

இதில் எனக்கு மட்டும் ஒரு தனிக் கவலை இருந்தது. அந்தத் தெருவில் பதினேழாம் எண் வீடு என் அண்ணனுடையது. அண்ணனும் கழகத்தில் ஒருவன்தான். நாங்கள் இருவரும் நாலு வருடமாகப் பேசுவதில்லை.

நடந்தது இதுதான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒரு நாள் காலை பதினொன்றேகாலுக்கு அங்கிருந்த டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, வரவேண்டியவர்களை வரச்சொல்லிவிடுங்கள் என்றார். அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பல் சரக்கை இறக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய ஃபோர்மேனுக்குப் போன் செய்தேன். "கீழ இறங்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். மேலே இருக்கிறவனிடம் இதைச் சொன்னால் கை பதறும், கீழே ஆள் நிற்பார்கள் என்று தோன்றியது. ஷிஃப்ட் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். அம்மா இரண்டேகாலுக்குப் போய்விட்டாள். அண்ணன் மூன்று மணிக்கு இறங்கினான்.

அவன் கத்தவில்லை. "எனக்குச் சொல்லியிருக்கணும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். நான் காரணத்தை விளக்கினேன். நல்ல காரணம்தான், அதனால் நன்றாகவே விளக்கினேன். அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் மைதானத்தில் பேசித்தான் ஆக வேண்டும். விமானம் ஓட்டுகிறவன் விமானத்தைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. ஆகவே பக்கத்தில் ஒருவன் நின்று மற்றதையெல்லாம் பார்த்து உடனுக்குடன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவனை ஸ்பாட்டர் என்போம். கழகம் தொடங்கிய நாளிலிருந்து அண்ணனுக்கு நான், எனக்கு அண்ணன். அம்மா போய் இரண்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான், விமானத்தைத் தரையில் வைத்தான், வானத்தைப் பார்த்து நின்றான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "காத்து?" என்றான். "மேற்கு," என்றேன். அதிலிருந்து அப்படியே ஓடுகிறது. இடதுபக்கம் காக்கா. பார்த்தேன். ஓடுதளத்துல நாய். சரி. இறங்கலாம், ஆள் இல்ல. சரி. நாலு வருடத்தில் அண்ணனிடம் நான் அதிகம் சொன்ன சொல் காக்காதான். மைதானம் கைவிட்டுப் போனால் அதையும் சொல்ல முடியாது. இதை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் வயிறு சரியில்லை என்றேன்.

கூட்டம் போட்டோம். தலைவர் ஒரு யோசனை சொன்னார்.

"ஜனங்ககிட்ட உண்மையைச் சொன்னா போதும். நியாயமா நடந்துக்குவாங்க," என்றார். முப்பது வருடமாக வலிக்காது வலிக்காது என்று சொல்லிப் பல் பிடுங்கியவர் இதைச் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

உண்மை என்றால் எங்களுக்கு அளவுதான். ஒலியை அளக்கும் கருவி ஒன்று வாங்கி, மேலே விமானம் பறக்கும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அளந்தோம். வீட்டுக்கு ஒரு அட்டை அச்சடித்தோம். "உங்கள் வாசலில் எங்கள் சத்தம் ஐம்பத்தெட்டு டெசிபல். இது ஒரு தையல் மெஷின் ஓடுவதற்குச் சமம்." வேறு எந்தக் கழகமும் இவ்வளவு நேர்மையாக இருந்திருக்காது என்று தலைவர் பெருமைப்பட்டார்.

ஆறாம் எண் வீட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஆசிரியர் ஒருவர் குடியிருந்தார். அட்டையை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"எத்தனை நாளா பறக்குது?"

"ஆறு வருஷமா, சார்."

"அப்படியா? நான் கவனிச்சதே இல்லையே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மாடியில் நாற்காலி போட்டு, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை புகார் வந்தது. ஐம்பத்தெட்டு இல்லை, அறுபத்தொன்று இருக்கும் என்று எழுதியிருந்தார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஆறு வருடத்தில் ஒரு புகாரும் இல்லாத தெருவில் இரண்டே வாரத்தில் ஏழு புகார். கையெழுத்து ஐந்து. அந்த ஐந்தில் ஒருவருக்குக் காது கேட்காது.

பதினெட்டாம் எண் வீட்டில் ஒரு தையல்காரம்மா. முன்னறையே கடை. மூன்று மெஷின், ஒரு நீள மேசை, சுவரெல்லாம் தொங்கும் பள்ளிச் சீருடைகள். தலைவரும் நானும் போனபோது பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். அட்டையைப் படித்தார், மெஷினை நிறுத்தவில்லை.

"என் மெஷின் சத்தம் எனக்குச் சோறு போடுது. உங்க சத்தம் என்ன போடுது?"

தலைவர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கீழ் வரிசையில் ஒரு பல்லைக் கவனிக்க வேண்டும் என்றார்.

"அது கிடக்கட்டும். தம்பி, நீங்க சொல்லுங்க. மேல போறப்ப மோட்டார் நின்னுபோனா அது எங்க விழும்?"

இந்த இடத்தில் சாமர்த்தியசாலி ஒருவன் எதையாவது சொல்லி நழுவியிருப்பான். ஆனால் கேட்டது லிஃப்ட் மெக்கானிக்கிடம். எது அறுந்தால் எது எங்கே விழும் என்று கணக்குப் போடாமல் எனக்குத் தூக்கம் வராது. காற்று மேற்கு, உயரம் எண்பது மீட்டர், திரும்புகிற இடம் தண்ணீர்த் தொட்டி. அட்டையின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.

"உங்க சமையலறைங்க," என்றேன். "உள்ள வராது. கூரையோட நின்னுடும்."

மெஷின் நின்றது. தையல்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். தலைவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். தெருவுக்கு வந்ததும், "உண்மையைச் சொல்லச் சொன்னேன், இவ்வளவு உண்மையையா சொல்லச் சொன்னேன்?" என்றார்.

அதற்குப் பிறகு அளவு சொல்வதை விட்டுவிட்டோம். தலைவருடைய விமானம் ஒன்றுதான் பெட்ரோல் எஞ்சின். சத்தத்தில் பாதிக்கு மேல் அதனுடையது. பல் ராவுகிற மெஷினோடு வாழ்ந்தவருக்கு அது சத்தமாகவே தெரிந்ததில்லை. அதை நிறுத்தச் சொன்னோம். மூக்கால் அழுதுகொண்டே பரணில் ஏற்றினார். தொட்டிப் பக்கம் திரும்புவதை விட்டு, தெருவுக்கு எதிர்க் கோடியில் திரும்புவது என்று தீர்மானம் போட்டோம். இரண்டையும் படிவத்தில், கழகம் என்ன செய்தது என்ற கட்டத்தில் எழுதினேன். பிறகு தெருவில் எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு அழைத்தோம். அட்டை எதுவும் கொடுக்கவில்லை.

இரண்டு ரிமோட்டை ஒரு வயரால் இணைத்திருந்தோம். கற்றுக்கொள்கிறவர் கையில் ஒன்று, எங்கள் ஆள் கையில் ஒன்று. அவர் தப்புச் செய்தால் இவர் ஒரு சுவிட்சைத் தட்டி விமானத்தைத் தன் வசம் வாங்கிக்கொள்ளலாம். ஆறாம் எண் ஆசிரியருக்கு இதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க கார்லயும் எனக்குத் தனி பிரேக் உண்டு!" என்றார். கால் மணி நேரம் ஓட்டினார். விமானம் இறங்கியதும் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். பிறகு சாயங்காலம் வரை அங்கேயே நின்று, கற்றுக்கொடுப்பது எப்படி என்று எங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

கடைசியாக அண்ணன் பறக்கவிட்டான். கிரேன் ஓட்டுகிற கை. தூக்குவதும் தெரியாது, இறக்குவதும் தெரியாது, அவ்வளவு பதமாக இருக்கும். நான் பக்கத்தில் நின்றேன். "வலதுபக்கம் காக்கா. ரெண்டு." "பார்த்தேன்." "காத்து திரும்புது." "சரி." ஜனங்கள் கை தட்டினார்கள். அண்ணன் விமானத்தை எடுத்துக்கொண்டு வடக்கே போனான், நான் தெற்கே போனேன். தையல்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவு வீடு வீடாகப் போய் முடித்தபோது கையெழுத்து பதினாலு. எட்டு வீடு முடியாது என்றுவிட்டது. அதில் ஒருவர் முடியாது என்றது மனைவி சரி என்றதால். பாக்கி இரண்டு வீடு, பதினேழும் பதினெட்டும். இரண்டுமே வேண்டும்.

படிவத்தோடு தையல்காரம்மாவிடம் போனேன்.

"நான் போடறேன் தம்பி. ஆனா பக்கத்து வீட்ல உங்க சொந்த அண்ணன் கையெழுத்தையே காணோம். உங்க வீட்டு ஆளே போடாததை நான் எப்படிப் போடறது? முதல்ல அங்க வாங்கிட்டு வாங்க."

"அவர் கழகத்து ஆள்தாங்க. கண்டிப்பா போடுவார்."

"அப்ப போய் வாங்க வேண்டியதுதானே?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு மாதமாக அந்தத் தெருவில் இருபத்துமூன்று வீட்டு வாசலையும் மிதித்திருக்கிறேன், சில வாசலை மூன்று தடவை. பதினேழை மட்டும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். தெருவே பார்த்திருக்கிறது.

தலைவர் எனக்காக இரக்கப்பட்டு, மைதானத்திலேயே காரியத்தை முடித்துவிடலாம் என்று படிவத்தை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனார். விதிப்படி அது செல்லாது, வாசலில்தான் வாங்க வேண்டும். ஆனாலும் நான் தடுக்கவில்லை. அண்ணன் பேட்டரியைக் கழற்றிக்கொண்டே எங்கள் கொட்டகையில் தொங்கும் விதிப் பலகையைக் காட்டினான்.

"ரூல் ஒன்பது, டாக்டர்."

ஒன்பதாவது விதி: மைதானத்தில் பறத்தலுக்குச் சம்பந்தமில்லாத பேச்சுக் கூடாது. அதை எழுதியவன் நான். நாலு வருடத்துக்கு முன்னால், அண்ணன் எல்லோர் முன்னாலும் அம்மா விஷயத்தை எடுத்துவிடுவானோ என்று பயந்து, பாதுகாப்பு என்று பெயர் சொல்லிக் கொண்டுவந்த விதி. ஒருமனதாக நிறைவேறியது. கையைத் தூக்கியவர்களில் அண்ணனும் ஒருவன்.

கெடுவுக்கு முதல் நாள் மத்தியானம் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"இருபத்துமூணு வீட்டுக்குப் போன கால் இன்னொரு வீட்டுக்குப் போகாதா?" என்றாள் மனைவி.

"அவன் கதவைச் சாத்திட்டா?"

"சாத்தினா சாத்தட்டும். கதவு அவங்களோடது. போறதுக்கு என்ன?"

போனேன். அண்ணிதான் திறந்தாள். என்னையும் கையிலிருந்த படிவத்தையும் பார்த்துவிட்டு, "வாங்க," என்றாள். சமையலறைப் பக்கம் திரும்பி ஒரு டம்ளரை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாளோ என்னவோ, நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சாப்பாட்டு மேசை மேல் பழைய செய்தித்தாள் விரித்து, அண்ணன் ஒரு இறக்கைக்குப் பசை போட்டுக்கொண்டிருந்தான். சுவரில் அம்மா படம். என்னிடமும் அதே படம் இருக்கிறது. அவனுடையதில் சட்டம் நன்றாக இருந்தது.

நின்றேன். அண்ணன் நிமிரவில்லை.

"மத்த வீட்ல என்ன சொன்னியோ அதைச் சொல்லு."

சொன்னேன். "வணக்கம். நாங்கள் மாதிரி விமானக் கழகத்திலிருந்து வருகிறோம். எங்கள் நடவடிக்கையால் தங்களுக்குத் தொந்தரவு ஏதும் உண்டா?"

"உண்டு."

இந்தப் பதிலுக்கு நான் தயாராக வரவில்லை. பேனா மூடியைக் கழற்றினேன்.

"என்ன தொந்தரவு?"

"எழுதிக்க," என்றான். பசை டப்பாவை மூடினான். "காலைல பதினொண்ணே காலுக்குத் தெரிஞ்ச விஷயத்தை எனக்கு மூணு மணிக்குச் சொன்னாங்க."

கட்டம் சின்னது. பொடி எழுத்தில் எழுதினேன்.

"மேல இருக்கிறவனுக்குக் கீழ நடக்கிறது தெரியாது. பக்கத்துல இருக்கிறவன்தான் சொல்லணும். இறங்கறதா வேணாமான்னு மேல இருக்கிறவன் முடிவு பண்ணிக்குவான். எழுதிட்டியா?"

"எழுதறேன்."

"நான் இறங்கியிருப்பேன்டா. பெட்டியைப் பத்திரமா வச்சுட்டு, நிதானமா இறங்கியிருப்பேன். இருபது வருஷம் ஒருத்தன் கால்ல கூட நான் எதையும் போட்டதில்ல." ஒட்டிய இடத்தைச் சேர்த்துப் பிடித்தான். "ரெண்டு மணி நேரம் அம்மா பக்கத்துல இருந்திருப்பேன்."

அதையும் எழுதினேன். கட்டத்தைத் தாண்டிப் பதினெட்டாம் எண்ணின் கட்டத்துக்குள் போய்விட்டது. அடுத்தது, கழகம் என்ன செய்தது என்ற கட்டம். பேனாவை வைத்தபடி நின்றேன். என்னிடம் இருந்த காரணம் நாலு வருடமாக அப்படியே பத்திரமாக இருந்தது. கை பதறும், கீழே ஆள் நிற்பார்கள். வாய்வரை வந்தது. அவன் கையைப் பார்த்தேன். பசை காயும் வரை இறக்கையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தான், துளி அசைவில்லை.

"சொல்லாதது செயலாளரின் தப்பு. மன்னிக்கவும்" என்று எழுதினேன். படிவத்தை அவன் முன்னால் வைத்தேன்.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தான். மேலே இருந்த மற்ற வீட்டுப் புகார்களையும் படித்தான். பிறகு கையெழுத்துப் போட்டான். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தேன். பக்கத்து வீட்டில் மெஷின் ஓடுவது நன்றாகக் கேட்டது.

தையல்காரம்மா பதினேழாம் எண் கட்டத்தைப் படித்தார். தன் கட்டத்துக்குள் வந்திருந்த வரியையும் படித்தார். மிச்சமிருந்த இடத்தில் இடுக்கிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் நகராட்சி அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா கையெழுத்துகளை விரல் விட்டு எண்ணினார். பதினாறு. பிறகு புகார்களைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் எதிரே, தீர்ந்தது அல்லது தீரவில்லை என்று எழுதி முத்திரை குத்தினால்தான் கோப்பு நகருமாம். பெட்ரோல் எஞ்சின், தீர்ந்தது. தொட்டித் திருப்பம், தீர்ந்தது. பதினேழுக்கு வந்து நிறுத்தி, இரண்டு தடவை படித்தார். என்னைப் பார்த்தார்.

"இது தீர்ந்துதா சார்?"

"தெரியலைங்க."

"கேட்டுச் சொல்லுங்க. வெறுமனே விட முடியாது."

அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் செய்தேன். நாலு வருடத்தில் முதல் தடவை. எண் மாறவில்லை. இரண்டாவது மணியில் எடுத்தான்.

"அண்ணா," என்றேன். படிவத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். "ஆபீஸ்ல இருக்கேன். உன் புகார் தீர்ந்துதா, தீரலையான்னு கேக்கறாங்க. என்ன எழுதச் சொல்ல?"

குமாஸ்தா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"பரிசீலனையில இருக்குன்னு எழுதச் சொல்லு," என்றான் அண்ணன்.

சொன்னேன். குமாஸ்தாவுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. அந்த அலுவலகத்தில் அதற்கென்றே ஒரு முத்திரை இருந்தது. குத்தினார். அனுமதி ஒரு வருடத்துக்கு. அடுத்த வருடமும் பதினேழாம் எண்ணுக்கு நேரில் போய்ப் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிவர வேண்டும் என்றார். சரி என்றேன்.

போனில் அண்ணன் இன்னும் இருந்தான்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"சரி," என்றான். வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "இனிமே எதுன்னாலும் உடனே சொல்லு."

"சொல்றேன்," என்றேன். வாசலுக்கு வந்து, மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது என்று சொன்னேன்.